வீடே பள்ளிக்கூடமாகுமா?

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் இஷா தொழுகை முடித்து, கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பள்ளிவாசலின் வாயிலில் நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில், இளஞ்சகோதரர் ஒருவர் நம்மை நிறுத்தினார். "காக்கா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாமென்று இருக்கிறோம். எந்தப் பாடமுறை நல்லது, என்னென்ன புத்தகம் வாங்கலாம்?" என்று கேட்டார்.

என்ன வாங்கலாமென்று கேட்டால் கடைக்காரனுக்கு வாய் தானாகத் திறக்கும். அன்று திறக்கவில்லை. "ஏன் தம்பி அனுப்ப மனமில்லை?" என்று திருப்பிக் கேட்டோம். "காலம் கெட்டுக்கிடக்கிறது, காக்கா. கெட்ட சகவாசம் வந்துவிடும்" என்றார். இன்று நம்மவரில் பலர் இதே அச்சத்தோடு இதே கேள்வியைக் கேட்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத எண்ணினோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். இந்நாட்டின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002-ல் திருத்தப்பட்டு, 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையை ஆரம்பப் பள்ளியில் சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. விலக்களிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு இருக்கிறது. ஆகவே புத்தகம் வாங்குமுன் விண்ணப்பம் எழுதவேண்டும். ஒருவருக்கும் தெரியாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாமென்று சிலர் காதோடு காதாகச் சொல்லுகிறார்கள். மறைத்துத் தொடங்கும் கல்வி பிள்ளைக்கு முதற்பாடமாக எதைக் கற்பிக்கும் என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க. வீட்டில் ஓதிக்கொடுப்பது நமக்குப் புதிதா என்றால், இல்லை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் நம் பாட்டிமார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்களல்லர். வீட்டிலும் பெண்கள் தைக்காவிலும் உட்கார்ந்து குர்ஆனை ஓதி முடித்தார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் வழியாகத் தொழுகை, நோன்புச் சட்டங்களைக் கற்றார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 1898-ல் மறையும் வரை இவ்வழியில் செய்த பணி சிறிதன்று; அவர்களது 'மகானி' எத்தனையோ வீடுகளுக்கு ஆசிரியராக இருந்தது. அதே ஊரில் ஆசியா உம்மா என்னும் பெண்மணி ஞானப் பாடல்கள் இயற்றுமளவுக்கு உயர்ந்தார்.

ஆனால் கணக்கில் வரவை மட்டும் எழுதி, பற்றை விட்டுவிடலாகாது. பத்திரிகையும் பத்திரமும் அரசாங்கக் கடிதமும் தமிழெழுத்திலும் ஆங்கிலத்திலும் வந்தபோது, குர்ஆனை மழையென ஓதிய அதே தாய்மாரில் பலர் தம் வீட்டுப் பத்திரத்தை எட்டு வயதுப் பையனிடம் நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, வாப்பா?" என்று கேட்டு நின்றார்கள். அவர்களைப் பெற்றவர்கள் அன்பில்லாதவர்களல்லர். 'இது பெண்ணுக்கு வேண்டாம்' என்று அன்போடுதான் ஒரு கதவைச் சாத்தினார்கள். சாத்தியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கதவுக்கு இந்தப்புறம் நின்றவள் ஆயுள் முழுதும் நின்றாள்.

எதை முதலில் கற்பிப்பது என்ற வழக்கும் பழையதே. அறிஞர் இப்னு கல்தூன் 1377-ல் எழுதிய 'முகத்திமா'வில், ஊருக்கு ஊர் பாடத்திட்டம் மாறுவதை வரிசையாகச் சொல்லுகிறார். மக்ரிபு நாட்டார் பிள்ளைகளுக்குக் குர்ஆனை மட்டுமே கற்பித்தார்கள். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் அதனோடு கவிதை, கடிதம் எழுதுதல், இலக்கணம், கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்தார்கள். செவில் நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) அவர்களோ, முதலில் மொழி, பிறகு கணக்கு, அறிவு முதிர்ந்தபின் குர்ஆன் என்று யோசனை சொன்னார்கள். அது நல்ல யோசனைதான் என்று இப்னு கல்தூன் ஒப்புகிறார். ஆயினும் பிள்ளை வளர்ந்து கைமீறிப் போவதற்குள் குர்ஆனையாவது கொடுத்துவிடவேண்டுமென்று பெற்றோர் அஞ்சுவதால் வழக்கம் அதற்கு இடங்கொடுப்பதில்லை என்றும் சொல்லுகிறார். நம் கிள்ளான் சகோதரரின் அச்சம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது!

அதே நூலில் இன்னொரு செய்தி உண்டு. கடுமை காட்டிக் கற்பித்தால் பிள்ளை சோம்பும், பொய் சொல்லும், உள்ளே இருப்பதை மறைத்து வெளியே வேறொன்றைக் காட்டும் என்கிறார். இதற்கு நம் வீடே சாட்சி.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது மளிகைக் கடை திறந்திருக்க அனுமதி இருந்தது. மகனுக்கு அப்போது 9 வயது. கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவனை உட்காரவைத்து நாமே உஸ்தாதானோம். ஓதிக்கொடுத்தோம், அது நன்றாகவே நடந்தது. தமிழும் நடந்தது. பின்னக்கணக்கு வந்தது. அரையும் காலும் நாம் தினமும் நிறுப்பவைதாம். ஆனால் அவன் புத்தகத்தில் இருந்தது வேறு மாதிரி. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமாக நின்ற நம் படிப்புக்கு அது எட்டவில்லை. எட்டவில்லை என்று சொல்லாமல் குரலை உயர்த்தினோம். ஒரு நாள் படியளக்கும் மரக்கோலை மேசையில் ஓங்கி அடித்தோம். அன்றிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் "புரிந்தது, அத்தா" என்றான். நாமும் மகிழ்ந்தோம். மூன்று வாரம் கழித்து வீட்டார் அவனைச் சமையற்கட்டில் உட்காரவைத்து ஒரு ரொட்டியைப் பங்கிடச் சொன்னபோதுதான் ஒன்றுமே புரியவில்லை என்பது தெரிந்தது. பொய் சொல்ல நாமே கற்றுக்கொடுத்திருந்தோம். அதன்பின் கணக்கு சமையற்கட்டுக்கு மாறியது. மலாய்மொழி, பொட்டலங்களின் மேலுள்ள எழுத்துகளைப் படிப்பதில் தொடங்கியது. நாம் ஓதிக்கொடுப்பதோடு நின்றுகொண்டோம்.

பெட்டி பெட்டியாக விற்கப்படும் முறைகளைப் பற்றியும் ஒரு சொல். மாண்டிசோரி என்று பெயரிட்ட மரச்சாமான்களுக்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கேட்கிறார்கள். அந்த அம்மையார் 1907-ல் ரோமாபுரியில் தொடங்கியது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பிறகு யுத்த காலத்தில் நம் சென்னை அடையாறில் சில ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களைப் பழக்கினார். பிள்ளையைப் பொறுமையாகக் கவனித்துப் பார்ப்பதே அவர் முறையின் உயிர். பொறுமை பெட்டியில் வருவதில்லை. வீட்டிலேயே மணியடித்து, எட்டு முதல் இரண்டு வரை அட்டவணை போட்டு உட்காரவைப்போரும் உளர். பள்ளிக்கூடத்தின் அலுப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தோழர்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். பாடம் முடிந்தபின் பிள்ளையை விளையாட விடாவிட்டால் அதன் உள்ளம் செத்துவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

இனி அந்தச் 'சகவாசம்' என்ற விஷயத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்ட மக்காவாசிகளில், பணமில்லாது எழுத்தறிவு மட்டும் உடையவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்த ஈட்டுத்தொகை என்ன? மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கவேண்டும் என்பதுதான். நேற்று வாள் தூக்கி வந்த இணைவைப்பாளர் முன்னே முஸ்லிம் பிள்ளைகள் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். அவர்களின் ஈமானை வீடும் பள்ளிவாசலும் பார்த்துக்கொண்டன. நாமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியை பொட்டு வைத்திருக்கிறார், தேசியப் பள்ளியில் தமிழ் போய்விடும், சீனப் பிள்ளை பக்கத்தில் உட்காருவான் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு குறை காண்கிறோம். தமிழ் போய்விடும் என்பதில் மட்டும் நமக்கும் வருத்தமுண்டு. ஆனால் அதை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் தமிழில் பேசியே பாதி காப்பாற்றலாம்.

வீட்டுக்கல்வியே கூடாதென்பது நம் வாதமன்று. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் நமக்குத் தெரிந்த குடும்பம் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைத்தது. மூத்தவள் தனிப்பட்ட முறையில் எஸ்.பி.எம். எழுதினாள். மலாய்மொழியிலும் சரித்திரத்திலும் தேறாமல் அந்தச் சான்றிதழ் கிடையாது. சரித்திரத்துக்கு அந்த விதி 2013-ல் வந்தது. தாய் குர்ஆனும் தமிழும் கற்பித்தார். மலாய்மொழிக்கு மேல்மாடியிலிருந்த ஓய்வுபெற்ற இந்து ஆசிரியையிடம் பிள்ளைகளை அனுப்பினார்; சாயங்காலம் கீழே எல்லா இனத்துப் பிள்ளைகளோடும் பந்தாட விட்டார். 2021-ல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022-ல் பி.டி.3 தேர்வும் எடுக்கப்பட்டபின், பிள்ளைகள் எங்கே நிற்கிறார்களென்று தாமே ஆண்டுக்கொரு முறை பிறரைக்கொண்டு சோதித்துப் பார்த்தார். அந்தத் தாய் எதையும் பிள்ளைகளிடமிருந்து கழிக்கவில்லை. பிள்ளை பெற்றோரிடமுள்ள அமானத் என்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் நம்மிடம் ஒரு பெட்டியை ஒப்படைத்தால், நமக்குப் பிடிக்காதது ஒன்று அதில் இருந்தது என்று எடுத்து வெளியே போட நமக்கு உரிமையுண்டா?

இதையெல்லாம் அந்த இளஞ்சகோதரரிடம் அன்றே சொல்ல நேரமிருக்கவில்லை. "தம்பி, ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, இந்தப்பக்கம் நீங்களும் வீட்டாரும் கற்பிக்கக் கூடியதை எழுதுங்கள்; அந்தப்பக்கம் உங்களால் ஆகாததையும், அதற்கு யாரென்பதையும் எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். இரண்டு ஜும்ஆ கழித்துக் கடைக்கு வந்தார். ஒரு பக்கம் குர்ஆன், தமிழ், தொழுகை, சமையல், கணக்கு என்று நிறைந்திருந்தது. மறுபக்கத்தில் மலாய், ஆங்கிலம், விஞ்ஞானம் என்றிருந்தன. அவற்றுக்கெதிரே பெயர் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, வீட்டாரின் கையெழுத்தில், 'விளையாட ஆள்' என்று எழுதியிருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் தாருங்கள், காக்கா என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.