பிறருடைய குற்றப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாமா?

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் பெற்றோர்கள் இக்காலத்தில் உலமாக்களிடம் கொண்டுவரும் கேள்விகளில் ஒன்று இது: "மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அங்கே போய் விசாரிக்க நமக்கு உற்றார் உறவினர் எவருமில்லை. அந்நாட்டின் நீதிமன்றப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறார்கள். அவர் மீது வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பது கூடுமா? பிறர் குறைகளைத் துருவக் கூடாது என்று மார்க்கம் சொல்கிறதே, அது இதற்கும் பொருந்துமா?"

நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் மகள் என்னும் அமானிதம் இருக்கிறது. விசாரிக்காமல் கடல் கடந்து அனுப்பிவிட்டுப் பிறகு கைசேதப்பட்டுப் பயனில்லை. மறு பக்கம் ஒரு மனிதனின் மானம் இருக்கிறது. அது ஒருமுறை போனால் திரும்பி வராது. இவ்விரண்டில் எதையும் விட்டுவிடாமல் விடை காண வேண்டும். அதற்கு முன், அந்தப் பதிவேடுகள் எப்படிப்பட்டவை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். விஷயம் இன்னதென்று அறியாமல் ஆகும், ஆகாது என்று தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

அமெரிக்காவில் ஒரே இடத்தில் ஒரே ஏடு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழக்கம். பொதுவாக இரண்டு வகை ஏடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மாநிலக் காவல் துறையோ நீதித் துறையோ திரட்டி வைத்திருக்கும் குற்ற வரலாறு. மற்றொன்று, வழக்கு நடந்த நீதிமன்றத்திலேயே இருக்கும் வழக்கு ஏடு. ஃப்ளோரிடா மாநிலத்தில் முதல் வகையை யாரும் கட்டணம் கட்டிக் கேட்கலாம். கட்டணம் 24 டாலர். பென்சில்வேனியாவில் 22 டாலர். கலிஃபோர்னியாவிலோ அந்தக் கதவு பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. தம்முடைய பதிவை மட்டும் கைரேகை கொடுத்து ஒருவர் பெறலாம். அதை வாங்கி வந்து காட்டும்படி பிறரைக் கேட்பதையே அம்மாநிலச் சட்டம் தடுக்கிறது. நியூயார்க்கில் காவல் வரலாறு பொதுமக்களுக்குக் கிடையாது. ஆனால் நீதிமன்ற நிர்வாகத்திடம் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து 95 டாலர் செலுத்தினால் மாநிலம் முழுவதும் தேடித் தருவார்கள். விஸ்கான்சின் மாநிலமோ 1999 முதல் தன் வழக்கு விவரங்களைச் செலவின்றி இணையத்தில் காட்டி வருகிறது. மத்திய நீதிமன்றங்களின் வழக்குகளுக்கு 'பேஸர்' என்ற தனி ஏற்பாடு உண்டு. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர்.

இவ்வளவு கதவுகளைத் திறந்து வைத்தார்களே, எதற்காக? அண்டை வீட்டானின் குறையைப் பார்ப்பதற்காக அல்ல. ஆட்சியாளர்கள் ஒருவனைப் பிடித்து, மூடிய அறைக்குள் விசாரித்து, தண்டித்து விடக் கூடாது என்பதற்காக. 1791-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஆறாவது திருத்தம், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பகிரங்க விசாரணையை உரிமையாக்கியது. அதாவது, நீதிபதியை மக்கள் கண்காணிக்கத் திறந்த கதவு அது. பலமுள்ளவரைப் பார்க்கத் திறந்த ஜன்னல் வழியே பலமற்றவரைப் பார்த்துச் சிரிப்பது அந்த நோக்கத்துக்கே மாறானது. கதவு திறந்திருக்கிறது என்பது சட்டம் சொல்லும் பதில். உள்ளே போவதற்கு நமக்கு என்ன தேவை இருக்கிறது என்பது வேறு கேள்வி. மார்க்கம் கேட்பது இரண்டாவது கேள்வியை.

அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை ஒருமுறை உணர்ந்து சொன்னது. பத்திரிகையாளர்கள் சிலர், ஒருவரைப் பற்றி மத்தியப் புலனாய்வுத் துறை திரட்டி வைத்திருந்த குற்றத் தொகுப்பைக் கேட்டார்கள். அதிலுள்ள விவரங்கள் தனித்தனியே ஊர் ஊராகப் பல ஏடுகளில் இருப்பவைதாம். ஆயினும் சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் கூட்டி வைத்துக் கொடுப்பது அந்த மனிதரின் அந்தரங்கத்தில் கை வைப்பதாகும் என்று 1989-ல் நீதிமன்றம் கருதி, அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. சிந்தித்துப் பாருங்கள்! பல ஊர்களுக்கு அலைந்தால்தான் கிடைக்கும் என்ற சிரமமே முன்பு மனிதனின் மானத்துக்கு ஒரு திரையாக இருந்தது. இன்று பதிவுகளைத் திரட்டி விற்கும் தனியார் நிறுவனங்கள் அந்தத் திரையைக் கிழித்து விட்டன.

இனி மார்க்கத்தின் நிலையைப் பார்ப்போம். திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கிறது. அந்த வரிசையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சந்தேகம் தேடலுக்கு இழுத்துச் செல்லும். தேடிக் கிடைத்தது நாவில் வந்து நிற்கும். பொழுது போகவில்லை என்று ஒருவர் பெயரைத் தட்டிப் பார்ப்பதும், வேண்டாதவருடைய பழைய வழக்கைத் தேடி எடுப்பதும், சந்தேகமின்றி இந்தத் தடையில் அடங்கும். இணையத்தில் எல்லோரும் பார்க்கிறார்களே என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

ஆனால் திருமணம் போன்ற ஓர் அவசியம் வரும்போது நிலைமை மாறுகிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர்களைப் பெண் கேட்டு இருவர் வந்தபோது அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். ஒருவரிடம் பொருள் வசதி இல்லை என்பதையும், மற்றவர் தோளை விட்டுத் தடியை இறக்காதவர் என்பதையும் நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். பெண்களை அடிப்பவர் என்றே மற்றோர் அறிவிப்பில் வருகிறது. எனவே வாழப் போகும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதைத் தெரிவிப்பது புறம் பேசுதல் ஆகாது. திருமண ஆலோசனையைப் புறம் பேசுதலின் தடையிலிருந்து விலக்கான இடங்களில் ஒன்றாக இமாம் நவவீ (ரஹ்) எண்ணியிருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு சம்பவம் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படுவது. ஒருவருடைய சகோதரியைப் பெண் கேட்டு வந்தார்கள். அந்தச் சகோதரரோ, அவள் முன்பு தவறு செய்தவள் என்று வந்தவரிடம் சொல்லிவிட்டார். செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் கடும் கோபம் கொண்டு அவரை அடித்தார்கள், அல்லது அடிக்கும் அளவுக்குப் போனார்கள்; இதை ஏன் வெளியே சொன்னாய் என்று கண்டித்தார்கள்.

இரண்டும் திருமணப் பேச்சில் நடந்தவையே. ஒன்றில் குறை சொல்லப்பட்டது. மற்றொன்றில் மறைக்கப்பட வேண்டும் என்று கண்டிக்கப்பட்டது. இது முரண்பாடா? இல்லை. தடியைத் தோளில் வைத்திருப்பது இன்றும் நிற்கும் குணம். நாளை அந்தப் பெண்ணின் முதுகில் விழப் போவது. மற்றதோ, நடந்து முடிந்துபோன பாவம். அது அந்தப் பெண்ணுக்கும் அவளைப் படைத்தவனுக்கும் இடையிலானது. எனவே நாம் தேட வேண்டியது "இவர் எப்போதாவது சறுக்கினாரா?" என்பதை அல்ல, "இவரால் என் மகளுக்கு ஆபத்து உண்டா?" என்பதைத்தான். முழு விஷயத்துக்கும் இதுவே அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சில நிபந்தனைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பேச்சு முற்றிய பிறகே பார்க்க வேண்டும். வந்த வரன்கள் பத்துப் பேருடைய ஏடுகளையும் புரட்டி, பிறகு ஒருவரைப் பொறுக்குவது தேவை அல்ல, துருவல். பார்க்கப் போவதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் அழகு. அவர் விரும்பினால் தாமே மத்தியப் புலனாய்வுத் துறைக்குக் கைரேகையும் 18 டாலரும் அனுப்பித் தம் பதிவைப் பெற முடியும். தாமாகக் காட்டுபவரிடம் நாம் துருவ வேண்டிய வேலையே இல்லை.

இரண்டாவது, ஆள் அவர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். இது நம்மவர்கள் விஷயத்தில் மிகமிக முக்கியம். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் அந்த இடத்தில் போய் உட்காருகிறது. ஒரே பெயர் மட்டும் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக 'எஃப்.என்.யூ.' என்று அச்சிடுகிறார்கள். கைரேகை வைத்துத் தேடினால் ஆள் மாறாது; பெயரை வைத்துத் தேடினால் மாறும். டிரான்ஸ்யூனியன் என்ற நிறுவனம் பிறந்த தேதியைக்கூட ஒப்பிடாமல், முதற்பெயரும் கடைசிப் பெயரும் ஒத்திருந்தால் போதும் என்று, அரசின் பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கக் கூடியவர்களாகப் பலரைக் குறித்து வைத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் பாதிக்கப்பட்டோர் தொகை 8,185. அவர்களில் 1,853 பேரைப் பற்றிய அறிக்கை வெளியாருக்கும் போயிருந்தது. ஒரு நிறுவனமே இப்படித் தவறும்போது, கைப்பேசியில் பெயரைத் தட்டிப் பார்க்கும் நாம் எம்மாத்திரம்? பிறந்த தேதியும் இருந்த ஊரும் பொருந்தாத எதையும் நம்பக் கூடாது.

மூன்றாவது, ஏட்டை இறுதி வரை படிக்க வேண்டும். கைது என்பது ஒன்று. வழக்குப் பதிவு என்பது ஒன்று. தீர்ப்பு என்பது வேறொன்று. பலர் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடி விடுகிறார்கள். கடைசி வரியில் "தள்ளுபடி" என்றோ "விடுதலை" என்றோ இருக்கும். நீதிபதி நிரபராதி என்று அனுப்பியவரை நாம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குற்றவாளி ஆக்கினால், அது இட்டுக்கட்டுதல் என்னும் பெரும்பாவத்தின் வாசலில் கொண்டுபோய் விடும்.

நான்காவது, எங்கே பார்ப்பது என்று தெரிந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே மனைவி இருப்பதை மறைத்து மறுமணம் பேசுவதே பெண் வீட்டார் பெரிதும் அஞ்சும் மோசடி. குற்ற வரலாற்றில் அது வராது. மணவிலக்கு வழக்குகள் கவுண்டி நீதிமன்றத்தின் சிவில் அல்லது குடும்பப் பிரிவில் இருக்கும். மனைவியை நெருங்கக் கூடாது என்று கணவனுக்கு இடப்படும் பாதுகாப்பு உத்தரவும் பல இடங்களில் அங்கேதான் இருக்கும். மேலும், ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருளல்ல. அடி வாங்கும் பெண்கள் எத்தனையோ பேர் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. ஆகவே, அவர் தொழும் பள்ளிவாசலின் இமாமையும், உடன் வேலை செய்பவரையும், குடியிருக்கும் தெருவையும் விசாரிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட எந்த ஏடும் காரணமாகாது.

ஐந்தாவது, கிடைத்ததைக் குறித்து அவரிடமே கேட்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் வாலிபத்தில் செய்த ஒரு தவறு, தண்டனை அனுபவித்தார், அதன்பின் கை சுத்தம். இவரையும், சென்ற ஆண்டு மனைவியை அடித்து வழக்கில் தண்டனை பெற்றவரையும் ஒரே தட்டில் வைப்பது நீதியா? முந்தியவருக்கு தவ்பாவின் கதவை அல்லாஹ் திறந்து வைத்திருக்கும்போது நாம் அடைக்க முடியாது. பிந்தியவரைப் பற்றிப் பெண்ணிடம் மறைப்பது துரோகம். அவளிடம் சொல்லியே ஆக வேண்டும், முடிவும் அவளுடையதாக இருக்க வேண்டும்.

ஆறாவது, பார்த்தது நெஞ்சோடு நிற்க வேண்டும். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. காரணத்தை ஊருக்குச் சொல்ல உரிமை இல்லை. வேண்டாம் என்று சொன்ன கையோடு அந்த ஏட்டின் பிரதியைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி வைப்பவர், பெற்றோர் என்ற கடமையை நிறைவேற்றிய மறு நிமிடமே பாவத்தில் விழுகிறார்.

குறைகளை மூடுவது மார்க்கம் மட்டும் சொல்லும் பேச்சல்ல என்பதை அமெரிக்க மாநிலங்களே இப்போது அனுபவத்தில் கண்டு வருகின்றன. 2018-ல் பென்சில்வேனியா ஒரு சட்டம் இயற்றி, தகுதியுள்ள பழைய பதிவுகளை 2019 முதல் தானாகவே பொதுமக்கள் பார்வையிலிருந்து மூடி வருகிறது. மிச்சிகனில் 2020-ல் இயற்றிய சட்டத்தின்படி 2023-ல் இவ்வேலை தொடங்கியது. திருந்தியவனுக்கு வேலையும் வீடும் கிடைக்காவிட்டால் அவன் பழைய வழிக்கே திரும்புவான் என்பதே அவர்கள் கண்ட பாடம்.

நம் நாட்டுக்கும் இந்தச் சோதனை வந்துவிட்டது. மாவட்ட நீதிமன்ற வழக்குகளை 'இ-கோர்ட்ஸ்' தளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டே செலவின்றித் தேடலாம். குற்ற வழக்கொன்றில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தம் பெயர் இணையத்தில் கிடப்பதை மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் மறைக்க உத்தரவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. சட்டம் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும், தேடுகிறவன் விரல் நம்முடையது. அதற்கு நாமே பொறுப்பாளிகள்.

ஆகவே, பார்க்கலாமா என்று கேட்போருக்கு நம் பதில் இதுதான்: மகளுக்காகப் பாருங்கள், ஆசைக்காகப் பார்க்காதீர்கள். தேவையான அளவு பாருங்கள். தேவை முடிந்ததும் மூடி விடுங்கள். நம் ஒவ்வொருவருடைய ஏடும் ஒருநாள் விரிக்கப்பட இருக்கிறது. அந்நாளில் நம் குறைகள் மூடப்பட வேண்டும் என்று விரும்பும் நாம், இன்று பிறருடைய ஏட்டைக் கையில் எடுக்கும்போது அந்த விருப்பத்தை மறந்துவிடலாகாது. வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களைப் பாதுகாத்து, நம் நாவுகளையும் காப்பானாக! ஆமீன்.