சிரித்தவர்களின் கடன்

தனுஷ்கோடிக் கரையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுதான். இடையில் இருக்கும் கடல் நம் பெண்களுக்குக் கற்றுத்தந்த பாடங்களுள் கொடியது காத்திருத்தல். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவுப் புயலில் மறைந்தவர்கள் எத்தனையோ பேர். அதன் பின்னும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இக்கரையெங்கும் உண்டு. உடலைக் காணாத வீட்டில் துயரம் முடிவதில்லை. இரவில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சம் இன்னும் துள்ளி எழுகிறது.

அக்கரைத் தீவிலும் ஒரு பெண் இவ்வாறு காத்திருக்கிறார். அவர் கணவரைக் கொண்டுபோனது கடல் அன்று, மனிதர்கள்.

அவர் கணவர் பிரகீத் எக்னெலிகொட சிங்களக் கேலிச்சித்திரக்காரர், அரசியல் கட்டுரையாளர், 'லங்கா ஈ நியூஸ்' என்னும் இணையச் செய்தித்தளத்தில் எழுதியும் வரைந்தும் வந்தவர். 2009 சனவரியில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பு அருகே நடுச்சாலையில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் எக்னெலிகொட கடத்தப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். அது எச்சரிக்கை என்பதை அவர் உணராமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இரண்டு நாள்களுக்கு முன், 2010 சனவரி 24 அன்று, பணி முடித்துப் புறப்பட்டவர் வீடு வந்து சேரவில்லை.

அவர் வரைந்த சித்திரம் ஒன்றில், ஆடை களையப்பட்ட ஒரு பெண் முகத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். ஆடவர் கூட்டம் ஒன்று அவளைப் பார்த்து எள்ளி நகைக்கிறது. பெரும்பான்மையினர் உரைப்பதே மக்களாட்சி என்னும் பொருள்பட அங்கே ஒரு சுவரெழுத்து. இச்சித்திரத்தின் முன் நிற்கும்போது நம்முள் ஒரு கேள்வி எழுகிறது: நகைப்பு நல்லதா, தீயதா?

பிறரை எள்ளுதல் அன்புக்கு முரணானது என்றே சிறுவயது முதல் கற்றிருக்கிறோம். அது மெய்யே. ஆனால் நகைப்பில் இரு வகை உண்டு. மேலே நிற்பவன் கீழே கிடப்பவனைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. அது கொடுமைக்குத் துணைபோகிறது. கீழே நிற்பவன் மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பது மற்றொன்று. அது பலவேளைகளில் எளியவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே முறையீடு. எக்னெலிகொடவின் சித்திரம் முதல் நகைப்பை இரண்டாம் நகைப்பால் கண்டிக்கிறது. தொல்காப்பியமும் அங்கதத்திற்கு இலக்கணத்தில் இடமளித்து, வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என இரண்டாகப் பிரித்திருக்கிறது. தொண்டைமானின் புத்தம்புது வேல்களை ஔவை புகழ்ந்தது இரண்டாம் வகை. அவ்வேல்கள் போரையே கண்டதில்லை என்பது அப்புகழ்ச்சியின் உட்பொருள்.

ஆகவே நம்மை உறுத்த வேண்டிய கேள்வி வரைந்தவனைப் பற்றியது அன்று. பார்த்துச் சிரித்தவரைப் பற்றியது. சித்திரத்தின் இன்பம் ஆயிரம் பேருக்குப் பகிரப்படுகிறது. அதன் விலையை ஒருவனே செலுத்துகிறான். தேநீர்க் கடையில் இதழைக் கைமாற்றிச் சிரித்துவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். அவன் வீடு திரும்பினானா என்று கேட்கிறோமா?

கேட்டதும் உண்டு. 1987-இல் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்த அட்டைப்படச் சித்திரம் ஒன்றிற்காக, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கண்டனக் குரல்கள் எழுந்தன. சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. தொகை சிறிது, ஆயினும் சிரித்தவர்கள் அன்று தங்கள் கடனில் ஒரு பங்கையேனும் தீர்த்தார்கள்.

எக்னெலிகொட விஷயத்தில் நம் கடன் இன்னும் கனமானது. போரில் தமிழ் மக்களுக்கு எதிராக வேதி ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டனவா என்பதை அவர் ஆராய்ந்து வந்தார் என்று அவர் துணைவியார் சந்தியா கூறியிருக்கிறார். சிங்களவர் ஒருவர் நம் இனத்தாரின் துயரத்தைத் தம் துயரமாகக் கொண்டார். ஆனால் இக்கரையில் அவர் பெயரையேனும் அறிந்தவர் எத்தனை பேர்? அக்கரையென்றால் நம் படகுகளைப் பறிப்பவர்களும் நம் மீனவரைச் சிறைப்பிடிப்பவர்களும் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்த வேதனை மெய்யானது. எனினும் அதுவே முழு உண்மை அன்று.

சந்தியா தம் இரு மைந்தரையும் வளர்த்துக்கொண்டே நீதிமன்றப் படிகள் ஏறினார். 2016-இல் நீதிமன்ற வளாகத்திலேயே பிக்கு ஒருவர் அவரை மிரட்டினார். 2018-இல் தண்டனை பெற்ற அப்பிக்கு, மறு ஆண்டே குடியரசுத் தலைவரின் மன்னிப்பில் வெளிவந்தார். இராணுவப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது 2019-இல் குற்றம் சாட்டப்பட்டது. கணவர் மட்டும் வரவில்லை. 2022 சனவரியில் கொழும்பிலுள்ள காளி கோவிலில் தம் தலைமுடியை மழித்து அவர் நீதி கேட்டார்.

கடலிடம் கணக்குக் கேட்க முடியாது. அதற்கு நீதிமன்றம் இல்லை. மனிதரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். கச்சத்தீவுத் திருவிழாவில் இருகரை மக்களும் ஒரே அந்தோணியார் முன் மண்டியிடுகிறோம். தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று அவரிடம் வலைகளையும் படகுகளையும் கேட்கிறோம். அடுத்த முறை அங்கே ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்வோம். நம் பெண்களுக்குக் காத்திருத்தல் என்றால் என்னவென்று தெரியும். அந்த அறிவே, அக்கரையில் காத்திருக்கும் பெண்ணுக்காகக் குரல் கொடுக்கும் கடமையை வேறு எவரையும்விட முதலில் நம்மீது சுமத்துகிறது.