சித்த சுவாதீனமும் தன் சுவாதீனமும்

பொருளைத் தன் வசத்தில் வைத்திருத்தலையும், அறிவைத் தன் வசத்தில் வைத்திருத்தலையும், சுவாதீனம் என்னும் ஒரு சொல்லாலேயே நம்மவர் வழங்குவர். சித்த சுவாதீனம் இழந்தான் என்று ஒருவனைக் குறித்து ஊரார் பேசத் தொடங்கியவுடனே, அவனுடைய காணி, பணம், உணவு, உறக்கம், போக்குவரவு யாவும் பிறர் சுவாதீனமாய்விடுகின்றன. முன்னையது போயினமையாற் பின்னையதும் போதல் வேண்டுமோ என்பதே ஈண்டு ஆராயப்புகுந்த பொருள்.

இது திண்ணையிலிருந்து பேசி முடிக்குந் தருக்கமன்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆந் திகதி விடியற்காலையிலே, தமிழ்நாட்டு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய மனோவியாதியாளர் இல்லமொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் தப்பியோட மாட்டாராய் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர் பகைவரல்லர். எச்சமயத்தாராயினும் பெற்றாரும் உடன்பிறந்தாருமே. பிணி தீரும் என்னும் நம்பிக்கையோடு விட்டனர். பிணித்தவரைக் கேட்டிருப்பின், அவர் நன்மைக்காகவே பிணித்தோம் என்றே கூறியிருப்பர். பகைவன் இட்ட விலங்காயின் அதனைக் கண்டிப்பது எளிது. அன்பினால் இட்ட விலங்கை என்னென்பது?

இந்திய தேசத்தில் 1912ஆம் ஆண்டின் பயித்தியச் சட்டமும், அதன்பின் 1987ஆம் ஆண்டின் சட்டமும் வழங்கின. அவற்றின் பின்னர் 2017ஆம் ஆண்டில் மனோநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. நோயாளரை எவ்விதத்தானும் சங்கிலியிடலாகாது என 95ஆம் பிரிவு விலக்குகின்றது. மயக்கமருந்து கொடாது மின்னதிர்வுச் சிகிச்சை செய்தலும் அப்பிரிவிலேயே விலக்கப்பட்டது. இவை நன்றென்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டத்தின் உயிர்நிலை 4ஆம் பிரிவிலுள்ளது என்பது எமது துணிபு. ஒருவன் செய்யுந் தீர்மானம் பிறர்க்குத் தகாததாயும் தவறாயுந் தோன்றுதல் மாத்திரத்தானே, அவன் தீர்மானிக்குந் திறன் இல்லாதவன் ஆகான் என்று அப்பிரிவு விதிக்கின்றது.

எத்துணை நியாயமான விதி! வேலித் தகராறொன்றிற்காக மூன்று தலைமுறைக் காணியை விற்று வழக்காடும் கனவான்களை நாம் யாழ்ப்பாணத்திற் கண்டிலமா? அவரைப் பயித்தியர் எனக் கட்டிவைத்தார் யாருமிலர். தவறு செய்யும் உரிமை நமக்கு உண்டாம். நோயுற்றவன் மாத்திரம் ஒவ்வொரு செயலிலும் பிழையற்றவனாய் நின்று தன் அறிவை நிரூபித்தல் வேண்டுமாம். அந்தக்கரணம் கலங்கிற்றாயின் அதனையுடைய ஆன்மாவும் இல்லையாயிற்று என நம் சாத்திரங் கற்றார் எவருங் கூறார். நடையிலோ அங்ஙனமே நடத்துகின்றோம்.

இனி, அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு முன்கூட்டிய பணிப்பு என ஒன்றினை அமைக்கின்றது. வயது நிரம்பிய எவரும், தீர்மானிக்குந் திறன் தமக்கு இல்லாத காலம் நேரின், தம்மை எவ்வாறு பராமரித்தல் வேண்டும், எவ்வாறு பராமரித்தலாகாது, தம் சார்பில் யார் பேசுதல் வேண்டும் என்பவற்றை முன்னரே எழுதிவைக்கலாம். முன்பு நோயுற்றவரும் எழுதலாம். இவ்விடத்தே ஒரு சிக்கல் எழுகின்றது. தெளிந்திருந்த நாளில், எனக்கு மருந்து கொடுங்கள் என எழுதியவன், கலங்கிய நாளில் வேண்டாவென்று கதறுவானாயின், எச்சொல் அவனுடைய சொல்? தெளிந்த நாளின் சொல்லே என்பேம். பிறனொருவன் அவனை ஆளுதலினும், அவனே தன்னை ஆளுதல் தகுமன்றோ?

ஆயின் எதிர்வழக்கொன்றுண்டு, அதனை இலேசாய்த் தள்ளுதல் அறமன்று. வைத்தியசாலைக்கு ஒருபோதும் கொண்டுபோகற்க என்று மகன் எழுதிவைத்துள்ளான் என்க. அவனோ மூன்று நாளாய் உண்ணாது, கிணற்றங்கரையிற் போய் நிற்கின்றான். அக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாய் என் செய்வாள்? சட்டம் அவளை முற்றாகக் கைவிடவில்லை. உயிர்க்கோ உடற்கோ பெருங்கேடு நேருங்கால் அவசர சிகிச்சை 72 மணி நேரத்துக்கு அளிக்கலாம். அதற்கு அப்பணிப்புத் தடையன்று. அதன் மேலும் அப்பணிப்பு பொருந்தாதெனக் கருதினால், உறவினரோ வைத்தியரோ மீளாய்வுச் சபைக்கு விண்ணப்பித்து மாற்றம் வேண்டலாம். ஆயினும் கூலிவேலை செய்யும் ஒரு தாய், சபையையும் விண்ணப்பத்தையும் எங்கே தேடுவாள்? சங்கிலியை விலக்கியவர், அதன் இடத்தில் இரவிற் கண்விழிக்க ஓர் ஆளையும், கிட்டிய ஊரில் ஒரு வைத்தியரையும் வைத்தல் வேண்டும். அண்மையிலே சிகிச்சை பெறும் உரிமையை 18ஆம் பிரிவு எழுதியுள்ளது. எழுதியது எங்கும் நடைபெறுமளவும், அத்தாயின் மேற் குற்றஞ்சாட்ட எமக்கு நா எழவில்லை.

ஈழநாட்டில் 1873ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற கட்டளைச் சட்டமோ, ஒருவன் சித்த சுவாதீனம் உடையனோ இலனோ என்று மாவட்ட நியாயஸ்தலம் விசாரித்துத் தீர்க்கும் முறையை வகுத்தது. அவனைப் பார்த்தவர் சாட்சியும் வைத்தியர் சாட்சியும் அங்கே கேட்கப்படும். தெளிந்திருந்த நாளில் அவன் தன் பராமரிப்பைக் குறித்துச் சொல்லிவைத்த சொல்லுக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை.