விதைக்கு விட்ட சுரை

மாசி பிறந்த சமயம். பந்தலில் விதைக்கு விட்டிருந்த சுரைக்காயை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சங்கதி இவ்வளவுதான். "ஒரு சொரக்காய்க்கா இத்தன பாடு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதில் தப்பில்லை. போனது போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். விடமுடியாமல் செய்தது அந்தத் துணி.

விதைக்கு விடுகிற காயின் காம்பில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்று கட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். குழம்புக்குப் பறிக்கப் போகிறவர் கை தெரியாமல் அதன்மேல் போய்விடக் கூடாது அல்லவா? அன்றைக்குக் காலையில் பார்த்தால் காய் தொங்கிய இடத்தில் கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுக்கவில்லை, கத்தியால் சீராக அறுத்திருந்தது. துணியும் காயோடு போயிருக்கும் என்று நினைத்தபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டே பந்தலின் தெற்கு மூலைக்கு வந்தேன். அங்கே, அந்தப் போகத்தின் கடைசிப் பிஞ்சு ஒன்றின் காம்பில் அதே துணி. கட்டியது நான் இல்லை. நான் கட்டினால் இரட்டை முடிச்சு, இறுக்கமாக இருக்கும். இது ஒற்றை முடிச்சு. காம்புக்கும் துணிக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

காயை எடுத்தவர் துணியை அவிழ்த்து, இன்னொரு காயைத் தேடி அதில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பசிக்கு எடுத்தது என்றும் சொல்ல வழியில்லை. விதைக்கு முற்றிய சுரை வாயில் வைக்க ஆகாது. ஓடு கட்டைபோல் இறுகி, தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். பசிக்காரருக்கு என்றால் பக்கத்திலேயே கறிக்கு ஏற்ற காய்கள் இருந்தன. அவற்றை அவர் தொடவே இல்லை.

வீரகேரளம்புதூரில் புறவாசலில் நாலு செடி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு காய் என்பது ஒரு வருஷக் கணக்கு. குற்றாலத்துக்குச் சீசன் என்றால் எங்களுக்குக் காற்று. ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேகம், சுமையெல்லாம் மலையடியிலேயே இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு எங்கள் பக்கம் ஓடிவரும். தென்காசியில் குடைபிடித்து நிற்கிற தங்கையோடு போன் பேசிக்கொண்டே இங்கே நான் வாளியில் தண்ணீர் சுமந்திருக்கிறேன். அவளுக்குச் சாரல், எனக்குக் கண்ணில் மண். ஆனாலும் மலையில் பெய்தது சிற்றாற்றில் எங்களைத் தேடி வந்துவிடும். மழை வராது, மழைத்தண்ணீர் வரும். ஆடியில் விதை ஊன்றிவிட்டு, கொடி பந்தலைப் பிடிக்கிறவரை அந்தக் காற்றுக்கு மேற்கே ஓலைத்தட்டி வைத்து மறைக்க வேண்டும். புரட்டாசியில் பிஞ்சு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாதிப் பூ அழுகிவிடும். மார்கழிப் பனிக்குத் தப்பினது தைக்குக் காய்க்கும். அப்போது சிறுகிழங்கும் வந்துவிடுவதால் சுரைக்காயை வீட்டில் யாரும் சீண்டமாட்டார்கள். பங்குனியில் பந்தலைப் பிரித்தால் சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் என் தோட்டம் முழுக்க ஒரு டப்பாவுக்குள்தான் இருக்கும்.

அந்த டப்பாவுக்காகத்தான் ஒரு காயை விதைக்கு விடுகிறோம். முற்றவிட்ட காய் கொடியின் பலத்தை எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு பிஞ்சு பிடிப்பது குறையும். தெரிந்தேதான் விடுகிறோம்.

ஆச்சி காலத்தில் டப்பா கிடையாது, தொழுவத்துச் சுவர்தான். சுரை, பீர்க்கு, தடியங்காய் விதைகளைச் சாணியில் பொதிந்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாகச் சுவரில் அப்பிவிடுவாள். ஒவ்வொரு வட்டத்திலும் அவளுடைய அஞ்சு விரலும் பதிந்திருக்கும். எது சுரை, எது பீர்க்கு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆடி பிறந்ததும் சுவரிலிருந்து பெயர்த்து, சாணியோடு அப்படியே குழியில் வைப்பாள். காம்பில் கட்டுவது அவளுடைய பழைய சேலையின் கரை. "வெதைக்கு விட்டதுல கை வச்சா கை வெளங்காதுல" என்று எங்களை மிரட்டி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் பந்து விழுந்தால்கூட நாங்கள் குச்சியால்தான் தள்ளுவோம். விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, விதை மூன்றும் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது இன்னொரு சட்டம். பகலில் வந்து கேட்டால் கொடுப்பாள். ஆனால் சும்மா கொடுக்கமாட்டாள். ஒரு கை வத்தலோ, நாலு புளியங்கொட்டையோ, ஏதாவது மாற்றுக்கு வாங்கிக்கொள்வாள். சும்மா வாங்கின விதை முளைக்காது என்பாள்.

இவ்வளவு பேசுகிற ஆச்சி, கிணற்றடியில் நின்ற கறிவேப்பிலை மரத்தைக் கைகாட்டி, "இது களவெடுத்து வச்ச கன்னு. அதான் இப்படித் தழையுது" என்று சிரிக்கவும் சிரிப்பாள். எங்கிருந்து எடுத்தாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஊர் முழுக்க இந்த நம்பிக்கை உண்டு. சில செடிகள் கேட்டு வாங்கினால் வராது, கேட்காமல் எடுத்தால்தான் வரும். மாற்றுக் கொடுக்காமல் விதை வாங்காதே என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. அப்போது எனக்கு இது முரணாகத் தோன்றவில்லை. இப்போது ராத்திரி படுத்தால் தோன்றுகிறது.

விதை என்றால் எனக்குப் பெரியபுராணத்து இளையான்குடி மாறநாயனார் நினைவுக்கு வந்துவிடுவார். மழைக்கால நடுராத்திரியில் சிவனடியார் ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டில் மணி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை அரித்துக்கொண்டு வந்தால் சோறாக்கலாம் என்று யோசனை சொல்கிறவர் மனைவி. மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் போய், முளைவிட்ட நெல்லை வாரிக்கொண்டு வருகிறார். அடுப்புக்கு விறகில்லை. கூரையில் இருப்பதை அறுத்துப் போடுகிறார். கறிக்கு, சரியாக எழும்பாத கீரைப் பயிரைப் பிடுங்கிக்கொடுக்கிறார். அந்த அம்மாள் அதையே பலவிதமாகச் சமைக்கிறார். எல்லாரும் விதைநெல்லுக்கு உருகுவார்கள். எனக்கு அந்தக் கீரைப் பாத்திதான் உறுத்தும். மறுநாள் காலையில் அந்த அம்மாள் வெறும் பாத்தியைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்? கதையில் இறைவனே காட்சி கொடுத்துவிடுவதால் மறுநாள் என்று ஒன்று வரவில்லை. நம் வீடுகளில் மறுநாள் வந்துவிடுகிறதே.

இதற்கு நேர் எதிரான இன்னொன்றை எப்போதோ படித்திருக்கிறேன். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை லெனின்கிராடு நகரத்தை ஜெர்மன் படை வளைத்துக் கிடந்தது. நிகோலாய் வவிலோவ் நாடு நாடாக அலைந்து சேர்த்த விதைகள் அந்த நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தன. ஊரே பட்டினியில் சாகிறபோது, அவற்றைக் காத்தவர்கள் ஒரு பிடியை எடுத்து வேகவைத்துத் தின்னவில்லை. நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்த திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவில் பட்டினியால் செத்தார். வவிலோவோ ஸ்டாலின் அரசால் கைதாகி, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில், அவரும் பட்டினியால்தான் போனார்.

விதையை அவித்து விருந்து வைத்தவரை நாயனார் என்று கும்பிடுகிறோம். அவிக்காமல் செத்தவரையும் கும்பிடத்தான் கை எழுகிறது. யார் பக்கம் நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இருவருமே தங்கள் பொறுப்பில் இருந்த விதையைப் பற்றித்தான் முடிவெடுத்தார்கள். என் பந்தலுக்கு வந்தவர் எடுத்தது அடுத்தவர் விதையை. அதையும் அடுத்தவருக்கு விதை அற்றுப்போகாமல் எடுத்திருக்கிறார். இந்த மாதிரி ஆளைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அடுத்தவர் விதை என்று எழுதிவிட்டேன், அதுவும் எவ்வளவு தூரம் சரி? சுரைப்பூ சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு விரியும். இருட்டில் வெள்ளை வெளேரென்று நிற்கிற அந்தப் பூவுக்குப் பெரிய அந்துப்பூச்சிகள் வரும். ஆண்பூ தனி, பெண்பூ தனி. எந்த வீட்டு ஆண்பூவின் மகரந்தம் என் பெண்பூவில் ஒட்டியது என்று யார் கண்டார்கள்? இரண்டு தெரு தள்ளியும் ஒரு சுரைப்பந்தல் இருக்கிறது. நான் விதை என்று எடுத்துவைப்பதில் பாதி, சுவர் ஏறி வந்தது. வீரிய ஒட்டுரகம் விற்கிற கம்பெனிக்காரர்கள் தாய் தகப்பன் இரண்டையும் பிடித்துவைத்துக் கலக்கிறார்கள், அதனால்தான் அந்தப் பாக்கெட் விதையில் காய்த்ததை எடுத்து மறுபடி ஊன்றினால் அதே மாதிரி வருவதில்லை. என் பந்தலில் அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. சுரைக்கே யாரிடமும் கேட்கிற பழக்கம் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்தது, காய்ந்த குடுக்கையாகக் கடலில் மாசக்கணக்கில் மிதந்து, உள்ளே விதை கெடாமல் அமெரிக்கக் கரை வரைக்கும் போயிருக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள்.

2023 டிசம்பரில், மார்கழி பிறந்த கையோடு தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழையில் என் டப்பாவுக்குள்ளும் ஈரம் ஏறிவிட்டது. பந்தலும் சாய்ந்தது. பிறகு சுரண்டையில் ஒரு வீட்டிலிருந்துதான் விதை வாங்கிவந்தேன். அவர்களுக்கு அது எப்போதோ என்னிடமிருந்து போன விதை. வைத்திருந்தது போயிற்று, கொடுத்திருந்தது திரும்பி வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் இதையே ஓர் ஏற்பாடாக நடத்திக்காட்டினார். நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார், மறுவருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018-இல் போய்விட்டார். அந்த நெல்லெல்லாம் இன்றைக்கும் வயலில் நிற்பதற்கு ஒரே இடத்தில் பூட்டிவைக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் என் காயைக் கொண்டுபோனவர் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார் என்று வாதாடலாம். வாதாடிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா? இந்த எரிச்சல்தான் முதலில் வந்தது. இது கேட்பதற்கென்றே பேர்போன ஊர். ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இங்கேதான் இருந்தது. இருதயாலய மருதப்பத் தேவர் இருந்த காலத்தில் புலவர்கள் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் அவர் ஆதரவில் இருந்தவர்தான். அவர்களெல்லாம் பாடி வாங்கினார்கள். கேட்பதற்கும் ஒரு தகுதி, ஒரு நாக்கு, வாசலில் நிற்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது. என் வாசலில் வந்து "ஒரு வெத தாங்க" என்று கேட்க எல்லாருக்கும் வாய் வருமா என்பதை நான் யோசித்ததில்லை. எங்கள் தெருவழியே ஆட்டோடு போகிறவர்கள், உள்ளி பறிக்க வேனில் வந்து இறங்குகிறவர்கள் என்று எத்தனையோ பேர் பந்தலை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறார்கள். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

யோசிக்க யோசிக்க, அந்தத் துணியில் நான் இரண்டு சேதியை வைத்துக் கட்டியிருந்தேன் என்று பட்டது. ஒன்று, இது விதைக்கு. இன்னொன்று, இது என்னுடையது. வந்தவர் முதலாவதை வாசித்துவிட்டார். பந்தலில் விதைக்கென்று ஒரு காய் இருந்தாக வேண்டும் என்பதை ஆச்சியைப்போல அவரும் அறிந்திருக்கிறார். அதனால்தான் துணியைக் கைமாற்றிக் கட்டினார். இரண்டாவதை வாசிக்கவில்லை, அல்லது வாசித்தும் பொருட்படுத்தவில்லை. அந்தத் தளர்ந்த முடிச்சுதான் எனக்குச் சாட்சி. பிஞ்சின் காம்பு இனிமேல் பருக்கும், இறுக்கிக் கட்டினால் துணி பதிந்து காயும் நோகும். அதற்கென்று ஒரு விரல் இடம் விட்டுக் கட்டுவது செடி வளர்த்த கை.

இதைச் சொன்னபோது அடுத்த வீட்டுக்காரி முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மைனி, செவப்புத் துணி கட்டியிருந்தா எல்லாரும் மந்திரிச்சதுன்னுதான் நெனப்பாவ. காய எடுத்தவன் அதக் கூடக் கொண்டுபோகப் பயந்து, கையில அம்புட்டதுல சுத்திட்டு ஓடியிருப்பான். நீங்க அவனப் பெரிய மனுசன் ஆக்குதிய." எதற்கு எடுத்தானாம் என்று கேட்டேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "கோட லீவு வருதுல்லா. கெணத்துல பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க சொரக்குடுக்க வேண்டாமா?"

வேண்டும்தான். நானே சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டுதான் கிணற்றில் இறங்கினேன். அப்படியானால் விதை இந்நேரம் குப்பையில் கிடக்கும், குடுக்கை ஏதோ ஒரு பிள்ளையின் முதுகில் மிதக்கும். ஆச்சி சிவப்புக் கரையையே தேடிக் கிழித்ததும் பச்சைக்கு நடுவே கண்ணுக்குத் தெரிவதற்காகவா, கண்ணேறு படாமல் இருப்பதற்காகவா என்று இப்போது யாரைக் கேட்பது?

துணி மாறிய பிஞ்சு பங்குனி வெயிலில் அரையும் குறையுமாக முற்றியது. அறுத்துப் பரணில் போட்டிருக்கிறேன். உள்ளே விதை பிடித்திருக்கிறதா, வெறும் சொத்தையா என்பது உடைத்தால் தெரிந்துவிடும். முடிச்சு விஷயம் அப்படித் தெரியப்போவதில்லை. அக்கறைப்பட்டவர் கட்டினாலும் அது தளர்வாகத்தான் இருக்கும், பயந்தவர் அவசரத்தில் கட்டினாலும் தளர்வாகத்தான் இருக்கும். நான் முதலாமவரை நம்புகிறேன். ஆசைப்படுகிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. அந்த ஆசையும் அவர்மேல் வைத்த நல்லெண்ணமா, களவு போவதற்குக்கூட என் வீட்டுச் சுரை தகுதியான ஆளைத் தேடிக்கொண்டது என்கிற பெருமையா, அதுவும் தெளிவாகவில்லை.