கொலையற்ற மீனுணவு

கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், மீனின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி இறைச்சியாக்கும் பணிக்கு 2024ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்தனர். அமெரிக்காவில் அவ்வாறு வளர்த்த சால்மன் 2025இல் உணவுச்சாலைக்கே வந்துவிட்டது. அவ்வணுக்களுக்குக் கருவிலிருக்கும் கன்றின் குருதிச்சாரத்தை ஊட்டினால், கொலை இடம் மாறியதேயன்றி ஒழிந்ததாகாது. அதுவும் தவிர்க்கப்படுமாயின், முதற் சீலம் ஏற்ற நாம் என் செய்வது?

தமக்கெனக் கொன்றதாகக் காணாத, கேளாத, ஐயுறாத புலாலைப் பிக்குகள் ஏற்கலாமெனப் பகவான் ஜீவகருக்கு உரைத்தார். பிச்சாபாத்திரம் ஏந்தினோர்க்குரிய அவ்விதியை, காசு கொடுத்து வாங்கும் நாம் போர்வையாக்கிக் கொண்டோம். "கொன்றவன் வலைஞன்" என்கிறோம். அவனை இழித்தும் பேசுகிறோம்! கொலையின்றியே மீன் கிட்டும் நாளில் இப்போர்வை கிழியும்.

மத்தி மீனன்றி வேறு சத்துணவு வாங்கவியலாத ஏழையை நாம் குறைகூறோம். வஞ்சிரத்துக்குப் பணமுள்ள அன்பர்களையே கேட்கிறோம்.