பொறுப்புகள்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. அடுத்த மாதமே என் சம்பளத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். மனைவியிடம் மட்டும் சொன்னேன். ஏழாவது படிக்கிற மகனுக்குத் தெரியவேண்டாம் என்று, வழக்கம்போல ஜோக்கடித்துக்கொண்டு வளைய வந்தேன். பத்து நாள் கழித்து அவனே கேட்டான்: ‘‘ஏம்ப்பா, என் மேல கோபமா?’’

சுருக்கென்றது. பிள்ளைகளிடம் விஷயத்தை மறைக்கலாம். முகத்தை மறைக்க முடியாது. காரணம் தெரியாத பிள்ளை, தன்னையே காரணமாக்கிக்கொள்கிறது.

அன்று ராத்திரி நோட்டுப் புத்தகத்தை அவன் முன்னால் விரித்தேன். வரவு இவ்வளவு, வாடகை இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. ‘‘கொஞ்ச நாள் இழுபறிதான்டா. சேமிப்புல கொஞ்சம் எடுத்துச் சமாளிச்சுடலாம்’’ என்றேன். ‘‘அப்ப கேபிளை கட் பண்ணிடலாம்ப்பா’’ என்றான். அவன் முகத்தில் பயமில்லை, நிம்மதி.

அதற்காக எல்லாப் பாரத்தையும் பிள்ளை தலையில் இறக்கச் சொல்லவில்லை. புலம்பல் வேறு, தகவல் வேறு. கஷ்டத்தைச் சொல்லும்போதே, நாம் செய்யப்போவதையும் சொல்லிவிடுங்கள். விழாத அப்பாவைப் பார்த்து வளர்கிற பிள்ளை, எழுந்திருப்பதை யாரிடம் கற்றுக்கொள்ளும்?

பி.காம். படித்தவன் நான். சொத்துகளை மட்டும் காட்டிக் கடன்களை மறைக்கிற பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? வீட்டுக்கும் அதே விதிதான்.

அந்தக் கடன் பக்கத்துக்குத் தமிழ்வழிக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் என்ன பெயர் தெரியுமா?

‘பொறுப்புகள்!’