யாருடைய வினை?

எச்.ஐ.வி. கிருமியோடு ஒரு குழந்தை பிறந்தால் நம்மில் பல பேர் உடனே சொல்வது, "எல்லாம் கர்மா." இன்னும் சிலர், "அம்மா செஞ்ச பாவம், பிள்ளை தலையில விடிஞ்சிருக்கு" என்பார்கள். இந்து இளைஞர்களாகிய நாம் இந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளலாமா?

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். இது பரம்பரை நோய் இல்லை. கருவில் இருக்கும்போதோ, பிரசவத்தின்போதோ, தாய்ப்பால் வழியாகவோ கிருமி பிள்ளைக்குத் தொற்றுகிறது. எச்.ஐ.வி. தன்னைத் தானே நகல் எடுக்கும்போது நிறையப் பிழை விடும். அதனால் தாயின் ரத்தத்தில் இருப்பது ஒரே மாதிரியான கிருமிகள் அல்ல. மரபணுவில் சின்னச் சின்ன வேறுபாடுகள் கொண்ட பெரிய கூட்டம். தாயிடமும் பிள்ளையிடமும் உள்ள கிருமிகளின் மரபணுவை ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பெரும்பாலும் ஒரு வகையோ, ஒரு சில வகைகளோதான் பிள்ளையிடம் போய்ச் சேர்கின்றன. ரத்தத்தில் கிருமி கூடினால் ஆபத்தும் கூடும். கணவரிடமிருந்து தொற்று வாங்கிய மனைவியா, வேறு வழியில் தொற்றியவரா என்று கிருமி பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைப் பார்ப்பது நாம்தான்.

சிகிச்சையே இல்லாவிட்டால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். மலேசியாவில் 1998 முதல் அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிறது. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவை அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு.

இப்போது கேட்போம். 1998-க்கு முன்னால் தொற்றோடு பிறந்த பிள்ளைகள் எல்லாம் பாவம் செய்தவர்கள், அதற்குப் பிறகு தப்பிப் பிறந்தவர்கள் எல்லாம் புண்ணியம் செய்தவர்களா? மாறியது பிள்ளைகளின் வினையா, பெரியவர்களின் செயலா?

"மருந்து கிடைப்பதும் பிராரத்தம்தானே" என்று ஒருவர் வாதாடலாம். சரி, இருக்கட்டும். அப்படியானால் அந்த மருந்தைக் கொடுக்கும் கையும் அந்தப் பிராரத்தத்துக்குள்தான் வரும். அந்தக் கை ஏன் நம்முடையதாக இருக்கக் கூடாது? சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகச் சொல்கிறது. அடுத்தவரின் சஞ்சிதத்தைப் படிக்கும் கண் நமக்கு இல்லை. இப்போது நாம் செய்வது ஆகாமியம். அது மட்டும் நம் கையில் இருக்கிறது. ஒரு தாயைப் பழித்துப் பேசுவதும் ஆகாமியக் கணக்கில்தான் சேரும். அதுவும் பேசியவர் கணக்கில்!

பழிப்புக்குப் பயந்து ஒரு பெண் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிட்டால், தடுத்திருக்கக்கூடிய தொற்று ஒரு குழந்தைக்கு வந்துவிடும். அதில் நம் நாக்குக்கும் பங்கு உண்டு.

எனவே தம்பி தங்கைகளே, வீட்டில் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால் சீக்கிரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கணவரும் கூடவே பரிசோதித்துக்கொள்ளட்டும். தொற்று உள்ள ஒரு தாய் பிள்ளையோடு கோயிலுக்கு வந்தால், அன்னதானத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒன்றாகச் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. தொற்றாது.